முஹர்ரக்: முத்துத் தீவு நகரின் சமய, பண்பாட்டு அடுக்குகள்

முன்னுரை

ஒரு நகரின் வரலாற்றை அங்கு இன்று மேலோங்கி நிற்கும் சமயத்தை மட்டும் கொண்டு அறுதியிடுவது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. பாரசீக வளைகுடாவில், பஹ்ரைன் நாட்டைச் சேர்ந்த முஹர்ரக் தீவும் அதே பெயர் தாங்கிய அதன் பழைய நகரும் இக்கருத்துக்குத் தக்க சான்றுகளாகும். ஊர்ப்பெயர், அகழாய்வு, முத்துக்குளிப்பு ஆகிய மூன்றின் வழி இவ்வரலாற்றை இங்கு நோக்குவோம்.

ஊர்ப்பெயர் காக்கும் நினைவு

பண்டைய கிரேக்கர் பஹ்ரைனின் பெருந்தீவைத் தைலோஸ் என்றும் முஹர்ரக்கை அராதோஸ் என்றும் அழைத்தனர். பின்னைய பெயர் இத்தீவிலுள்ள அராத் என்னும் ஊரின் பெயராக இன்றும் வழங்குகிறது. இங்குள்ள கோயில்கள் ஃபினீசியரின் கோயில்களை ஒத்திருந்தன எனக் கிரேக்க நூலாசிரியர் ஸ்ட்ராபோ குறித்துள்ளார்.

தீவின் வடபகுதியில் அத்தைர், சமாஹீஜ் என்னும் இரண்டு சிற்றூர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 'தைர்' என்னும் அரபுச் சொல் துறவியர் மடத்தைக் குறிக்கும். சமாஹீஜ் என்பதோ, கிழக்குத் திருச்சபையின் சிரியாக் மொழி ஆவணங்களில் 'மெஷ்மாஹிக்' எனச் சுட்டப்பெறும் ஆயரின் இருக்கையோடு தொடர்புடையது. இவ்விரண்டும் பல நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள் வாழும் ஊர்கள். மடம் மறைந்த பின்னரும் மக்கள் அதன் பெயரை மாற்றவில்லை என்பது நம் கவனத்திற்குரியது.

மண்ணுக்கடியில் கிடைத்த சான்று

பெயர் தந்த இக்குறிப்பை அகழாய்வு உறுதிசெய்தது. சமாஹீஜ் ஊரின் அடக்கத்தலத்தில், பழைய பள்ளிவாசல் ஒன்றின் சிதைவுக்கு அடியில், பஹ்ரைன், பிரித்தானிய ஆய்வாளர்கள் இணைந்து 2019 முதல் 2023 வரை அகழ்ந்தனர். அங்கு எட்டு அறைகள் கொண்ட கட்டடம் வெளிப்பட்டது. சமையலறை, உணவுக்கூடம், வேலைக்கூடம், உறைவிடங்கள் ஆகியவை அதில் இனங்காணப்பட்டன. கட்டடத்தின் காலம் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலானது எனக் கணிக்கப்பட்டு, 2024இல் அறிவிக்கப்பட்டது. சுண்ணச்சாந்தாலான மூன்று சிலுவைகள் அதன் சமயத்தைத் தெளிவாகக் காட்டின.

இந்தியவியல் மாணவர்க்கு மற்றொரு செய்தியும் இங்குண்டு. சூதுபவள மணிகளோடு இந்தியாவிலிருந்து வந்த மட்பாண்டங்களின் உடைசல்களும் இங்குக் கிடைத்தன. கடல் வாணிகம் இச்சமயக் குடியிருப்பையும் எட்டியிருந்தது என்பது இதனாற் பெறப்படும். பிற்காலப் பள்ளிவாசலும் அடக்கத்தலமும் அவ்விடத்திற்குத் தந்த புனிதமே, அடியிலிருந்த கிறித்தவக் கட்டடத்தைக் காத்தது எனக் கருத இடமுண்டு.

முத்தும் கடனும் பாட்டும்

7ஆம் நூற்றாண்டில் இஸ்லாம் இப்பகுதியில் வேரூன்றியது. 1783இல் அல் கலீஃபா குடும்பத்தினர் பஹ்ரைனைக் கைப்பற்றிய பின், 19ஆம் நூற்றாண்டில் முஹர்ரக் ஆட்சி இருக்கையாகவும் முத்து வாணிகத் தலைநகராகவும் உயர்ந்தது. முத்து வணிகரான சியாதி குடும்பத்தினரின் மாளிகையும் அதனருகிலுள்ள பள்ளிவாசலும் செல்வமும் சமய வாழ்வும் இணைந்திருந்ததை உணர்த்துகின்றன. இங்கெடுத்த முத்துகள் பெருமளவில் பம்பாய்ச் சந்தையை அடைந்தன.

அச்செல்வத்தின் மறுபக்கமும் மறைக்கத்தக்கதன்று. கோடைக்காலத்தில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் குளிப்பாளர் கடலிலேயே தங்கினர். படகுத் தலைவரான 'நகூதா'விடம் முன்பணம் பெற்ற பலர் ஆண்டுதோறும் கடனாளிகளாகவே கரை திரும்பினர். நமக்கு அறிமுகமான 'நக்கோடா' என்னும் மலாய்ச் சொல்லும் இதே பாரசீகச் சொல்லின் வழிவந்ததேயாகும். குளிப்பாளரின் துயரையும் இறை வேண்டலையும் 'ஃபிஜ்ரி' என்னும் பாடல் மரபு தாங்கி நின்றது.

ஜப்பானின் வளர்ப்பு முத்துகளும் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் 1930களில் இத்தொழிலைச் சாய்த்தன. 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தபின் தொழிலாளர் அத்துறையை நாடினர். முத்துத் தொழிலின் எச்சமாக நின்ற கட்டடங்களும் சிப்பிப் படுகைகளும் 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாயின. ஃபிஜ்ரியும் 2021இல் மனிதகுலத்தின் அருவ மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

முடிவுரை

முஹர்ரக்கில் ஒரு சமயம் மற்றொன்றின் தடத்தை முற்றும் அழித்துவிடவில்லை. அதன்மேல் அமர்ந்து, அறிந்தோ அறியாமலோ அதைக் காத்தும் வந்துள்ளது. மடத்தின் பெயரை ஊரார் மாற்றியிருப்பின், ஆய்வாளருக்கு வழிகாட்டிய குறிப்பொன்று மறைந்திருக்கும். எனவே, ஊர்ப்பெயர்களை வெறும் முகவரியாகக் கொள்ளாது வரலாற்று ஆவணமாகப் படிக்க மாணவரைப் பழக்குவது ஆசிரியராகிய நம் கடனாகும்.