சான் மரினோ ஜெயித்த லீக்

2024 செப்டம்பர் 5 அன்று சான் மரினோ, கால்பந்தில் லிக்டன்ஸ்டைனை 1-0 என்று வென்றது. நாலா பக்கமும் இத்தாலி சூழ்ந்த, சுமார் 34,000 பேர் மட்டுமே வாழும் அந்தக் குட்டி நாட்டுக்கு இருபது ஆண்டுகளில் கிடைத்த முதல் வெற்றி அது. நட்பு ஆட்டங்களைக் கழித்துவிட்டால், வரலாற்றிலேயே முதல் வெற்றி. கோல் போட்ட நிக்கோ சென்சோலி, முந்தைய வெற்றியின்போது பிறந்திருக்கவே இல்லை. ‘நேஷன்ஸ் லீக் யாருக்கு வேண்டும்?’ என்று கேட்பவர்களுக்கு, 2025-இல் போர்ச்சுகலின் ரொனால்டோ அதன் கோப்பையைத் தூக்கிய காட்சியைவிட இந்த ஆட்டமே பொருத்தமான பதில்.

2018-இல் தொடங்கிய இந்தப் போட்டியில் ஐரோப்பிய தேசிய அணிகள் ஏ, பி, சி, டி என நான்கு அடுக்குகளாகப் பிரிந்து, தம் தரத்துக்கு நிகரானவர்களோடு மோதுகின்றன. முதலிடம் பிடித்தால் மேலே ஏறலாம். கடைசியில் நின்றால் கீழே இறங்க வேண்டும். 2022-இல் இங்கிலாந்தே பி அடுக்குக்கு இறங்கியது. பெரிய அணிகளுக்கு இது கௌரவப் பிரச்சினை. சிறிய அணிகளுக்கோ, ஆட்டம் என்பதே இங்கேதான் தொடங்குகிறது. 2006-இல் ஜெர்மனியிடம் 0-13 என்று தோற்ற சான் மரினோ அந்தத் தொண்ணூறு நிமிடங்களில் கற்றுக்கொள்ள என்ன இருந்தது? பந்தைத் தொட்டால்தானே ஆடப் பழக முடியும்! நிகரான எதிரி கிடைத்தபின், 2024 நவம்பரில் அதே லிக்டன்ஸ்டைனை அதன் மண்ணிலேயே 3-1 என வென்று சி அடுக்குக்கு ஏறியது.

களைத்துப்போன வீரர்களுக்கு இது கூடுதல் சுமை என்பது பழைய புகார். தொடங்கிய ஆண்டிலேயே பயிற்சியாளர் யூர்கன் க்ளாப் இதை அர்த்தமற்றது என்று சாடினார். பெல்ஜிய வீரர் கெவின் டி ப்ரய்னாவும் இதை நட்பு ஆட்டங்களுக்கு மேலாக மதிக்கவில்லை. நீண்ட பருவத்தின் முடிவில், 2022 ஜூனில் ஒரே மாதத்தில் நான்கு ஆட்டங்களைத் திணித்தது அநியாயம்தான். ஆனால் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் நட்பு ஆட்டங்களுக்கென இருந்த தேதிகளிலேயே நடக்கின்றன. லீக்கைக் கலைத்தால் அந்தத் தேதிகள் ஓய்வாக மாறிவிடாது. யாரும் பொருட்படுத்தாத ஆட்டங்களே திரும்பி வரும்.

யூரோ கோப்பைக்கு இது கொல்லைப்புற வழி என்ற குற்றச்சாட்டு இன்னும் கூர்மையானது. 2023-இல் சொந்த மண்ணில் ஸ்பெயினிடம் 1-7 என்று நொறுங்கிய ஜார்ஜியா, நேஷன்ஸ் லீக் தந்த பிளே-ஆஃப் வாய்ப்பில் கிரீஸைப் பெனால்டியில் வென்று யூரோ 2024-க்குள் நுழைந்தது. உண்மை, கொல்லைப்புறம்தான். உள்ளே போனதும் போர்ச்சுகலை 2-0 என்று வீழ்த்தி அடுத்த சுற்றுக்கும் போனது. தகுதி இல்லாதவர்களை உள்ளே விட்டதாக இதற்குப் பிறகும் சொல்வது கடினம்.

எனக்கு விடை தெரியாத குறை ஒன்று உண்டு. ஐரோப்பிய அணிகள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருப்பதால், பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் அவற்றோடு மோதிப் பார்க்கும் நாட்கள் சுருங்கிவிட்டன. ஐரோப்பாவின் 2026 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுக் குழுக்களோ, அணிகளை இப்படி அடுக்குகளாகப் பிரிக்காமல் பழைய பாதையிலேயே போயின. 2025 அக்டோபரில் வியன்னாவில் ஆஸ்திரியா 10, சான் மரினோ 0.