ஒரே கிணறு, மூன்று கதைகள்

சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திய முயலின் கதையை அறியாத தமிழ்க் குழந்தை உண்டா? நாளுக்கொரு விலங்கை இரையாகப் பெற்றுவந்த சிங்கம். ஒருநாள் காலந்தாழ்த்தி வந்த சின்னஞ்சிறு முயல். வழியில் வேறொரு சிங்கம் மறித்ததாக அது சொன்ன தந்திரச் சொல். கிணற்று நீரில் தெரிந்த நிழல். சினத்தோடு ஒரு பாய்ச்சல். கதை முடிந்தது. வலிமையினும் அறிவே பெரிது என்று நீதி சொல்லிப் பிள்ளையை உறங்க வைத்துவிடுகிறோம்.

அதே கதையை மறுநாள் வேறொருவர் சற்றே மாற்றிச் சொன்னால் என்ன நிகழ்கிறது? "தப்பு! எங்க உம்மா இப்படிச் சொல்லலை!" என்று பிள்ளை குரலை உயர்த்துகிறது. "அப்படின்னா உங்க உம்மா சொன்னதுதான் பொய்" என்று அடுத்த வீட்டுப் பிள்ளை மறுக்கிறது. சிறுபிள்ளைப் பூசல்தானே என்று நகைத்துக் கடந்துவிடலாகாது. நான் கேட்டதே மெய், பிறர் கேட்டதெல்லாம் பொய் என்னும் மனப்போக்கு முளைவிடும் இடம் அதுவே. அம்முளையை அக்கதையைக் கொண்டே கிள்ளி எறியலாம்.

கதை கடந்து வந்த பாதை

இக்கதை வடமொழிப் பஞ்சதந்திரத்தில் உள்ளது. பாரசீகப் பேரரசர் நௌஷேர்வான் காலத்தில், 6ஆம் நூற்றாண்டில், அரசவை மருத்துவர் புர்ஸோய் அந்நூலைப் பஹ்லவி மொழிக்குக் கொண்டு சென்றார் என்பது வரலாறு. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அதனை அரபியில் ஆக்கினார். அதுவே 'கலீலா வ திம்னா'. 13ஆம் நூற்றாண்டில் மௌலானா ஜலாலுத்தீன் ரூமி இதே முயல் கதையைத் தம் மஸ்னவியின் முதற்பாகத்தில் விரித்துரைத்தார். கதை கலீலாவில் உள்ளது என்று அவரே தொடக்கத்தில் சுட்டியும் விடுகிறார்.

மூன்று நூல்களிலும் கிணறு ஒன்றுதான். ஆனால் அதனுள் எட்டிப் பார்த்தவர்கள் கண்டது ஒன்றா?

பஞ்சதந்திரத்தின் வடிவம் ஒன்றில் சிங்கம் கிணற்றை நோக்கிக் கர்ச்சிக்கிறது. எதிரொலி இருமடங்காகத் திரும்பி வருகிறது. அதைப் பகைவனின் குரல் என்று நம்பிப் பாய்கிறது. இங்கே சிங்கத்தைக் கொன்றது அதன் சொந்தக் குரல்.

கலீலாவில் முயல் தன்னை இரை என்றே சொல்லிக்கொள்ளவில்லை. விலங்குகளின் தூதராக, இரைக்குரிய முயலொன்றை அழைத்து வந்ததாகவும், வழியில் மற்றொரு சிங்கம் அதைப் பறித்துக்கொண்டதாகவும் கூறுகிறது. கிணற்றினுள் சிங்கத்தின் நிழலும் முயலின் நிழலும் சேர்ந்தே தெரிகின்றன. சொன்ன சொல்லுக்குக் கண்ட காட்சி சாட்சியாகிவிடுகிறது!

ரூமியிடமோ, பாய்ச்சலுக்கு முன்னரே நெடிய வாதம் ஒன்று நிகழ்கிறது. இறைவன்மீது பொறுப்புச் சாட்டி இருந்துவிடுவது மேலா, முயற்சி மேலா என்று விலங்குகளும் சிங்கமும் வழக்காடுகின்றன. முயற்சியின் பக்கம் நின்று பேசுவது சிங்கமே! இறுதியில், கிணற்றில் சிங்கம் கண்டது தன் குற்றத்தையே என்கிறார் மௌலானா. வென்று திரும்பிய முயல், வெளிப்பகைவன் வீழ்ந்தான், உள்ளே இருக்கும் நஃப்ஸ் என்னும் பகைவன் இன்னும் வீழவில்லை என்ற பாடத்தோடு கதையை முடிக்கிறது.

பிள்ளைகளிடம் தொடங்கும் முறை

ஆறு வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மூன்றும் வேண்டா. இரண்டு வடிவங்கள் போதும். ஒன்றை இன்று சொல்லுங்கள். நாளை அதைப் பிள்ளையின் வாயாலேயே திரும்பக் கேளுங்கள். அது மனத்தில் ஊன்றிய பின்னரே மற்றொன்றைச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே இரவில் சொன்னால் குழப்பமே மிஞ்சும்.

பிறகு மூன்று கேள்விகள். இரண்டிலும் மாறாதது எது? மாறியது எது? இவர் ஏன் இப்படி மாற்றிச் சொல்லியிருப்பார்? எழுதத் தெரிந்த பிள்ளை நோட்டில் கோடு கிழித்து இருபுறமும் எழுதட்டும். எழுதத் தெரியாத பிள்ளை இரண்டு கிணறுகளை வரையட்டும். ஒன்றில் ஒரு நிழல், மற்றொன்றில் இரு நிழல்கள். அந்த ஒரு வேறுபாட்டைத் தானே கண்டுபிடிக்கும்போது பிள்ளையின் முகம் மலர்வதைப் பாருங்கள்!

மக்தபில் மாலைப் பாடம் முடிந்தபின் இம்மூன்றாம் கேள்வியைக் கேட்டேன். "இரண்டு நிழல் தெரிஞ்சாத்தானே சிங்கம் நம்பும்!" என்றாள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. பொய்யை நம்பவைப்பது எது என்பதை அச்சிறுமி கண்டுகொண்டாள். வாழ்நாளெல்லாம் பயன்படும் அறிவு அல்லவா அது!

ஆனால் எது சரியான கதை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அக்கேள்வி பிறந்தவுடன் ஒப்பீடு போய்ப் போட்டி வந்துவிடும்.

சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னுமொரு வேறுபாட்டைக் காட்டலாம். சிங்க அரசனுக்கும் எருதுக்கும் இருந்த நட்பைக் கோள்மூட்டிக் குலைத்த நரி, பஞ்சதந்திரத்தில் அமைச்சனாகி நலமாக வாழ்கிறது. அரபு நூலிலோ, அந்த நரி விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெறும் தனி அத்தியாயமே உண்டு. அது இப்னுல் முகஃப்பஃ சேர்த்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து. கோள் சொன்னவன் தப்பிவிடலாமா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். உங்கள் வீட்டுத் திண்ணையே நீதிமன்றமாகிவிடும்.

பெற்றோரின் அச்சம்

இப்படிப் பழக்கினால் நாளை மார்க்கச் செய்திகளையும் இதுவொரு வடிவம் என்று பிள்ளை சொல்லிவிடாதா என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. நியாயமான அச்சமே. அதற்கு விடை, கதைக்கும் செய்திக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைக்கு முதலிலேயே உணர்த்துவதுதான். கதை சொல்பவருக்கு மாற்றும் உரிமை உண்டு. செய்தி சொல்பவருக்கு அந்த உரிமை இல்லை. ஹதீஸ்கலை இமாம்கள் ஒரே செய்தியின் பல அறிவிப்புகளை அருகருகே வைத்து, யார் யாரிடம் கேட்டார், எந்தச் சொல் கூடிற்று, எது குறைந்தது என்று நுணுகி ஆய்ந்தார்களே! ஐயத்தை வளர்க்கவா அவ்வளவு பாடுபட்டார்கள்? உண்மையைக் காக்கவே அல்லவா? ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாத உள்ளமே எதையும் எளிதில் நம்பும்.

இன்று கைப்பேசியில் நொடிக்கொரு செய்தி வந்து விழுகிறது. கிணற்றில் நிழலைக் கண்டவுடன் பாயும் சிங்கங்களாக நம் பிள்ளைகள் வளரலாமா? சற்றே நின்று, வேறெவரும் இதை வேறுவிதமாகச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வேண்டும்.

அன்புத் தாய்மார்களே! இன்றிரவு ஒரு கதை சொல்லுங்கள். நன்னியிடம் அதே கதையை நாளை கேட்டுவரச் சொல்லுங்கள். இரண்டும் மாறியிருந்தால் மகிழுங்கள். நல்லதொரு பாடம் உங்கள் வீட்டிலேயே காத்திருக்கிறது!