கீழே போட்ட சீட்டு யாருக்கு சொந்தம்? ரம்மி மேஜையில் தீராத தகராறு

"போட்டது போட்டதுதான், எடுக்கக்கூடாது!" "கை இன்னும் சீட்டை விடவே இல்லைங்க!"

மனமகிழ் மன்றங்களிலும், கல்யாண வீட்டு மாடியிலும் 13 சீட்டு ரம்மி நடந்தால் இந்த சத்தம் கேட்காமல் இருக்காது. பெரும்பாலான சண்டைக்கு காரணம் கையில் இருக்கும் சீட்டு அல்ல, கழித்துப் போட்ட சீட்டுதான். எது முறை? எது அழுகுணி? விவரம் வருமாறு:-

கை விட்டால் போச்சு

கழித்த சீட்டு கீழே விழுந்து கை விலகிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அடுத்த ஆள் மேலே கிடக்கும் அந்த ஒரு சீட்டை எடுக்கலாம், அல்லது கட்டில் இருந்து எடுக்கலாம். கட்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், கீழே கிடக்கிறதை எடுத்துக்கறேன்" என்றால் செல்லாது. ஒரே முறைக்கு 2 சீட்டு பார்த்த கணக்காகிவிடும்.

ஸ்கூட் விட்ட கை

ஆட்டம் வேண்டாம் என்று முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20 பாயிண்ட், நடுவில் விட்டால் 40 என்பது வழக்கம். ஸ்கூட் விட்டவர் 13 சீட்டையும் கவிழ்த்து ஒதுக்கிவிட வேண்டும். ஆனால் பலர் "நம்ம கையைப் பாருங்க அண்ணே" என்று பக்கத்து ஆளிடம் காட்டுகிறார்கள். இதுதான் பெரிய அநியாயம்.

உதாரணமாக, நீங்கள் ஆர்ட்டின் 7-க்கு காத்திருக்கிறீர்கள். 2 கட்டு ஆட்டத்தில் அது 2 சீட்டுதான். இரண்டுமே ஸ்கூட் விட்ட கையில் போய்விட்டது என்று பக்கத்து ஆளுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவர் பயமில்லாமல் 6-ஐயும் 8-ஐயும் கழிப்பார். நீங்கள் வராத சீட்டுக்கு தவம் கிடப்பீர்கள்.

கலைச்சுட்டா ஆதாரம் இல்லை

தோற்றவர் "என் கவுண்ட் 32" என்று சொல்லிவிட்டு சீட்டை கலைத்துவிடுவார். நிஜமாகவே 32 தானா? யாருக்கும் தெரியாது. டிக் அடித்தவரின் சீட்டையும் எல்லோரும் சரிபார்த்த பிறகுதான் கலைக்க வேண்டும். தப்பு டிக் என்றால் 80 பாயிண்ட் ஆயிற்றே!

போக்கர் ஆட்டத்திலும் இதே பிரச்சினை உண்டு. அங்கே கழித்த குவியலில் கலந்து அடையாளம் தெரியாமல் போன சீட்டுக்கு உயிர் கிடையாது. அதனால் தன் சீட்டின் மேல் ஒரு காசு வில்லையை வைத்துக் காப்பது ஆடுபவரின் பொறுப்பு. அதேசமயம், மேஜையில் திறந்து வைத்து ஜெயித்தது தெளிவாகத் தெரிந்த கையை டீலர் கவனக்குறைவாக கலைத்துவிட்டாலும் வெற்றி வெற்றிதான் என்பது போட்டிகளில் உள்ள விதி.

கோர்ட்டு சொன்னது என்ன?

1967-ல் ஆந்திர அரசு தொடர்ந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, ரம்மி என்பது மூணு சீட்டு மாதிரி முழு அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல என்றது. காரணம் என்ன தெரியுமா? விழுகிற சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்பதில் திறமை வேண்டும் என்பதுதான். அதாவது, கழித்த சீட்டில்தான் ரம்மியின் மானமே இருக்கிறது. அதில் கள்ளம் புகுந்தால் திறமைக்கு வேலை இல்லை. (கிளப்பு நடத்துபவர் ஆட்டத்தில் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு எச்சரித்தது.)

எனவே முதல் சீட்டு போடும் முன்பே 3 விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். கை விட்ட சீட்டு திரும்பாது. ஸ்கூட் கையைக் காட்டக்கூடாது. எண்ணும் முன் கலைத்தால் 80. காசு வைக்காமல் பொழுதுபோக்குக்கு ஆடினாலும் இது பொருந்தும். ஏனென்றால் ரம்மி மேஜையில் பாயிண்ட் போனால் அடுத்த ஆட்டத்தில் பிடிக்கலாம். சிநேகிதம் போனால்?