லில்லிபாண்டும் ஒரு ஷார்ப் சுரமும்

மேனாட்டு இசையைத் தட்டச்சு எழுத்துகளாகக் கொடுத்தால், ஐந்துகோட்டுச் சுரத்தாளாக ஆக்கித் தரும் இலவச மென்பொருள் லில்லிபாண்ட். நெதர்லாந்து நாட்டினர் இருவர் 1996-இல் தொடங்கியது.

ஜி மேஜர் வரிசையில் எஃப் சுரம் அரைப்படி உயர்ந்து, ஷார்ப்பாக ஒலிக்கும். கையால் எழுதுவோர் வரியின் தொடக்கத்தில் ஒரு ஷார்ப் குறி இட்டால் போதும். பிறகு வரும் எஃப் எல்லாம் உயர்ந்தவையே. அந்த நினைப்பில் நானும் ‘ஜி மேஜர்’ என்று அறிவித்துவிட்டு, வெறும் ‘எஃப்’ தட்டினேன். அதன் முன் உயர்வை நீக்கும் நேச்சுரல் குறி வந்து நின்றது!

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எது பிசகினாலும் குறை என்னுடையதே என்று எண்ணிப் பழகியவன். இரண்டு நாள் யாரிடமும் கேட்கவில்லை.

கையேட்டைப் படித்த பின்னரே விளங்கிற்று. தாளில் தெரியும் குறியை லில்லிபாண்ட் கேட்பதில்லை. ஒலிக்கவேண்டிய சுரத்தையே கேட்கிறது. ஷார்ப் என்றால் ‘இஸ்’ சேர்த்து, ‘ஃபிஸ்’ என்றே ஒவ்வொரு முறையும் எழுதவேண்டும். எந்தக் குறியை எங்கே இடுவது என்பதை அது பார்த்துக்கொள்ளும். பின்னர் மேஜர் அறிவிப்பை மாற்றினாலும் குறிகள்தாம் மாறும், இசை மாறாது.

புதிதாகப் பழகும் நண்பர்களே, காதில் ஒலிப்பதை எழுதுங்கள். புரியாவிட்டால், என்னைப்போல் இரண்டு நாள் காத்திராமல் அன்றே கேளுங்கள்.