விண்மீனுக்கு வால் முளைப்பது ஏன்?

கார்த்திகை மாதத்து முன்னிரவில் கிழக்கு வானத்தைப் பாருங்கள். ரோகிணி என்னும் செந்நிற விண்மீனுக்குச் சற்று மேலே சிறு கொத்தாகச் சில விண்மீன்கள் மின்னும். நம் முன்னோர் அறுமீன் என்றும் கார்த்திகை என்றும் அழைத்த கூட்டம் அதுதான். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரிந்தாலும், அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது.

ஒரு தொலைநோக்கியில் காமிராவைப் பொருத்தி இக்கூட்டத்தைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். படத்தின் நடுவிலுள்ள விண்மீன்கள் குண்டூசி முனைபோல் கூர்மையாக விழும். ஓரத்தில் உள்ளவையோ ஒவ்வொன்றும் ஒரு குட்டி வால்வெள்ளியாக மாறி, வெளிப்புறம் நோக்கி வால் நீட்டி நிற்கும். இந்த வால் எங்கிருந்து வந்தது? அதை நீக்க வழி உண்டா?

கடினமான தேர்வு

நிலவைப் படம் எடுக்கும்போது தொலைநோக்கியின் சிறு குறைகள் நம் கண்ணில் படுவதில்லை. நிலவு பரந்த பொருள். ஒரு புள்ளியின் ஒளி பக்கத்துப் புள்ளியில் சிறிது கலந்தாலும் தெரியாது. விண்மீன் அப்படியில்லை. அது அவ்வளவு தொலைவில் இருப்பதால் நமக்கு வெறும் ஒளிப்புள்ளியே. புள்ளி புள்ளியாகவே பதிய வேண்டும். வேறு எந்த வடிவில் பதிந்தாலும் அது கருவியின் அல்லது காற்றின் குறை. ஒரே படத்தில் நடுவிலிருந்து ஓரம்வரை நூற்றுக்கணக்கான புள்ளிகளைத் தருவதால், தொலைநோக்கியைச் சோதிக்க விண்மீன் கூட்டத்தை விடச் சிறந்த பொருள் இல்லை.

நிறத்தால் வரும் குறை

லென்சு வழியே செல்லும் ஒளியில் நீலக் கதிர்கள் அதிகமாகவும் சிவப்புக் கதிர்கள் குறைவாகவும் வளைகின்றன. ஆகவே எல்லா நிறங்களும் ஒரே இடத்தில் குவிவதில்லை. இதை நிறப் பிறழ்ச்சி என்கிறோம். இருவகைக் கண்ணாடிகளால் செய்த லென்சுகளை இணைத்து இக்குறையைப் பெருமளவு குறைக்கலாம். ஆனால் முழுவதும் நீக்க முடியாது.

நியூயார்க் நகரில் வாழ்ந்த லூயிஸ் ரூதர்ஃபர்டு என்னும் வானியல் ஆர்வலர் இதில் ஒரு விந்தையைக் கண்டார். கண்ணுக்குத் தெளிவாகக் காட்டிய லென்சு, படத்தில் மங்கலான விண்மீன்களையே தந்தது. நம் கண் மஞ்சள், பச்சை ஒளியை நன்கு உணரும். அக்காலத்து ஒளிப்படத் தகடோ நீலத்தையும் ஊதாவையுமே உணர்ந்தது. எனவே அவர் 1864 இல், தகடு உணரும் நிறங்களுக்கு ஏற்ப, 11 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள ஒரு லென்சை உருவாக்கினார். கண்ணால் பார்க்க அது உதவாது. படம் எடுக்க மிகவும் உதவியது. அதைக்கொண்டு கார்த்திகை முதலிய கூட்டங்களைப் படம் எடுத்தார். அப்படங்களில் விண்மீன்களின் இடங்களை அளந்து கணக்கிட முடிந்தது.

பரவளைய ஆடியும் கோமாவும்

ஆடி எல்லா நிறங்களையும் ஒன்றுபோலவே திருப்பும். அதனால் நிறப் பிறழ்ச்சி இல்லை. ஆனால் கோள வடிவக் குழியாடியில் ஓரத்தில் படும் கதிர்களும் நடுவில் படும் கதிர்களும் வெவ்வேறு இடங்களில் குவிகின்றன. இது கோளப் பிறழ்ச்சி. ஆடியைப் பரவளைய வடிவில் தேய்த்தால் இது நீங்கும்.

இங்கேதான் வால் முளைக்கிறது. ஆடியின் அச்சுக்கு இணையாக வரும் கதிர்களை மட்டுமே பரவளையம் ஒரு புள்ளியில் குவிக்கும். படத்தின் ஓரத்தில் விழும் விண்மீனின் கதிர்கள் சற்றுச் சாய்வாக வருகின்றன. ஆடியைப் பல வளையங்களாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். சாய்ந்த கதிர்களால் ஒவ்வொரு வளையமும் ஒரு சிறு வட்டத்தை உண்டாக்கும். வெளி வளையத்தின் வட்டம் பெரிது. அது விலகியும் விழும். இவ்வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது கூர்மையான தலையும் விரிந்த வாலும் கொண்ட உருவம் கிடைக்கிறது. இதுவே கோமா.

இதன் அளவைக் கணக்கிடலாம். ஒரு பாகையில் 3600 விகலைகள் உண்டு. 20 செ.மீ. விட்டமும் 100 செ.மீ. குவியத் தூரமும் கொண்ட ஆடியின் குவிய விகிதம் 5. நடுவிலிருந்து அரைப் பாகை தள்ளியுள்ள விண்மீனுக்கு இந்த ஆடி தரும் கோமாவின் நீளம் சுமார் 13 விகலை. காற்றின் அலைவால் விண்மீன் பரவுவது சாதாரண இரவில் 2 அல்லது 3 விகலைதான். எனவே வால் நன்றாகவே தெரியும்.

கோமா குவிய விகிதத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் உள்ளது. விகிதம் 10 ஆனால் அது நாலில் ஒரு பங்காகிவிடும். ஆனால் குழாயின் நீளம் இரு மீட்டராகும். அதே காமிராவில் அடங்கும் வானப்பரப்பும் நாலில் ஒன்றாகச் சுருங்கும். கார்த்திகைக் கூட்டம் முழுவதும் படத்தில் அடங்காமல் போகலாம்!

திருத்தும் வழிகள்

ஒரு வழி, எதிர்க்குறையைச் சேர்ப்பது. குவியத்துக்குச் சற்று முன்னால் சில லென்சுகளை வைத்து, ஆடி தரும் கோமாவுக்கு நேர் எதிரான கோமாவை உண்டாக்கினால் இரண்டும் கழிந்துவிடும். 1948 இல் திறக்கப்பட்ட பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கிக்கே இத்தகைய திருத்தி தேவைப்பட்டது. அதை ஃபிராங்க் ராஸ் வடிவமைத்தார். இன்று சிறு தொலைநோக்கிகளுக்கும் இவை கடைகளில் கிடைக்கின்றன. திருத்திக்கும் காமிராவின் உணர்தகட்டுக்கும் இடையே குறிப்பிட்ட தூரம் இருக்க வேண்டும். பலவற்றுக்கு அது 55 மி.மீ. சில மில்லிமீட்டர் மாறினாலும் திருத்தம் கெடும்.

இன்னொரு வழியை 1930 இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பெர்னார்டு ஷ்மிட் கண்டார். ஒரு கையை இழந்திருந்த இவர், ஆடி தேய்ப்பதில் வல்லவர். பரவளையத்தை விட்டுவிட்டுக் கோள ஆடியையே எடுத்துக்கொண்டு, அதன் வளைவு மையத்தில் மெல்லிய திருத்துத் தகடு ஒன்றை வைத்தார். கோளத்துக்குத் தனி அச்சு இல்லாததால் கோமா எழவில்லை. கோளப் பிறழ்ச்சியைத் தகடு நீக்கியது. குவியப்பரப்பு வளைந்திருந்ததால் ஒளிப்படத் தகட்டையும் வளைத்துப் பொருத்த வேண்டியிருந்தது.

குறையைக் கண்டறிவது எப்படி?

படத்தின் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். வால்கள் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிநோக்கி நீண்டால் அது கோமா. படம் முழுவதும் விண்மீன்கள் ஒரே திசையில் கோடாக நீண்டால், புவியின் சுழற்சிக்கு ஏற்பத் தொலைநோக்கி சரியாக நகரவில்லை என்று பொருள். ஒரு பக்க மூலைகள் மட்டும் கெட்டிருந்தால் ஆடியோ காமிராவோ சாய்ந்திருக்கிறது. நீல ஒளிவட்டம் சூழ்ந்தால் நிறப் பிறழ்ச்சி. திருத்தி வாங்குமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. ஆடியை நேராக்கினாலே போதும் என்று தெரியவரலாம்.

அழகுக்கு மட்டுமா?

ஒரு கூட்டத்தின் விண்மீன்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. அவற்றுள் நீல நிறத்தில் பேரொளி வீசுபவை எரிபொருளை விரைவில் தீர்த்துவிடும். எனவே எவை எஞ்சியுள்ளன என்று பார்த்துக் கூட்டத்தின் வயதைச் சொல்லலாம். கார்த்திகையில் நீல விண்மீன்கள் இன்னும் உள்ளன. அதன் வயது சுமார் 10 கோடி ஆண்டு. ரோகிணிக்கு அருகில் தெரியும் ஹையாடெஸ் கூட்டத்தில் அத்தகையவை தீர்ந்துவிட்டன; அதன் வயது 60 கோடி ஆண்டுக்கு மேல். இந்த முடிவுகள் எல்லாம் ஒவ்வொரு விண்மீனின் ஒளியையும் நிறத்தையும் அளப்பதில் நிற்கின்றன. வால் முளைத்தால் ஒளி சிதறும். மங்கிய அண்டை விண்மீன் அதில் மறையும். விண்மீனின் மையமும் இடம் பெயரும்.

கணிப்பொறியால் படத்தைத் திருத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். 1990 இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கி இதற்கு விடை தந்தது. அதன் 2.4 மீட்டர் ஆடியின் ஓரம், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரு பங்கு அளவுக்குத் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. இதனால் கோளப் பிறழ்ச்சி தோன்றியது. கணிப்பொறி ஒளிமிக்க விண்மீன்களைக் கூர்மையாக்கியது. சிதறிய ஒளியில் மூழ்கிய மங்கலான விண்மீன்களை அதனால் மீட்க முடியவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, எதிர்க்குறை கொண்ட சிறு ஆடிகளைப் பொருத்திய பிறகே நெருங்கிய கூட்டங்களின் விண்மீன்கள் தனித்தனியே தெரிந்தன.

தகட்டில் விழும்போதே ஒளி சரியான இடத்தில் விழ வேண்டும். நாளிதழிலோ நூலிலோ விண்மீன் கூட்டத்தின் படம் ஒன்றை இனிக் கண்டால், நடுவை ரசித்துவிட்டு மூலைகளையும் பாருங்கள். அதை எடுத்த கருவியின் தரம் அங்கே பதிந்திருக்கும்.