கண்ணோர வீக்கம்: திறப்பதற்கு முன் தெரிய வேண்டியது

நடு வயதைத் தாண்டியவர்களுக்குக் கண்ணில் நீர் வடிந்தால், கண்ணீர் மூக்குக்கு இறங்கும் குழாய் அடைத்திருப்பது ஒரு முக்கியக் காரணம். எலும்பில் துளையிட்டுக் கண்ணீர்ப்பையை மூக்கோடு இணைக்கும் 'டி.சி.ஆர்' அறுவையில் சரியாகிவிடும். அபூர்வமாகச் சிலருக்கு அடைப்பே கண்ணீர்ப்பைக்குள் வளரும் கட்டியாக இருக்கும். அது தெரியாமல் டி.சி.ஆருக்குக் கத்தி வைத்தால், கட்டியின் செல்கள் மூக்குக்கும் போக நாமே வழி வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

கையால் தொட்டே ஓரளவு சந்தேகிக்கலாம். கண்ணின் உள்மூலைக்கு நேராக ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சீழ் வீக்கம் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். அழுத்தினால் பீளையோ சீழோ வெளிவரும். வீக்கம் கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருந்தாலோ, கெட்டியாக, அழுத்தியும் அமுங்காமல் இருந்தாலோ உஷாராக வேண்டும். கண்ணீரில் ரத்தம் கலந்து வந்தாலும் அப்படித்தான். கண்புரை அறுவைக்கு முன் கண்ணீர்க் குழாயில் தண்ணீர் செலுத்தி 'டக்ட்' பார்ப்பார்களே, அதில் தண்ணீர் தாராளமாக இறங்கியும் கண் வடிந்துகொண்டே இருப்பது இன்னொரு துப்பு.

ரத்தம் என்றதும் புற்று என்று பதற வேண்டாம். தீங்கற்ற கட்டிகளில் அதிகம் காணப்படும் பாப்பிலோமாவும் கசியும். எச்.பி.வி. வைரஸின் 6, 11 வகைகளுக்குச் சில பாப்பிலோமாக்களில் பங்கு உண்டு. இதில் உள்நோக்கி வளரும் ரகம் பொல்லாதது: துளி மிச்சம் வைத்தாலும் திரும்ப வரும், சிலருக்குப் புற்றாகவும் மாறும். 'தீங்கற்றது' என்ற சொல்லை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாத இடம் இது.

நம் ஊரில் கட்டி வேஷம் போடும் ஒரு நோயும் உண்டு. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கமும் இலங்கையிலும், குளம் ஊருணிகளில் குளிப்பவர்களிடம் காணப்படும் ரைனோஸ்போரிடியோசிஸ். சதை ஸ்ட்ராபெரிப் பழம்போலச் சிவந்து, மேலே வெண்புள்ளிகளோடு இருக்கும். தொட்டாலே ரத்தம் வரும். நெடுங்காலம் பூஞ்சை என்று நம்பப்பட்ட இந்நோயின் கிருமி பூஞ்சையே அல்ல என்று மரபணு ஆய்வு பின்னாளில் காட்டியது. இதற்கும் டி.சி.ஆர். ஆகாது, வித்துகள் சிந்திப் பரவும்.

சி.டி. ஸ்கேனில் எலும்பு மெலிந்து விரிந்திருக்கிறதா, அரித்திருக்கிறதா என்று தெரியும். எம்.ஆர்.ஐ. சதையைக் காட்டும். எண்டோஸ்கோப் விட்டு மூக்கையும் பார்க்க வேண்டும். ஆனாலும் முடிவாகச் சொல்வது திசுப் பரிசோதனைதான். அறுவை மேசையில் எதிர்பாராமல் கட்டி தென்பட்டால், ஒரு துணுக்கு எடுத்துக்கொண்டு மூடிவிட்டு அறிக்கைக்குக் காத்திருப்பதே நல்லது.

இமையோரத்தில் கண்ணீர் இறங்கும் துவாரத்தில் உள்ள சிறு பாப்பிலோமாவை வெட்டி, அடியை உறைய வைத்தாலே பல சமயம் போதும். பைக்குள் என்றால் பையையே முழுசாக எடுப்பார்கள். உள்நோக்கி வளரும் ரகம் குழாய்க்குள் இறங்கியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரும் சேர்ந்து குழாயையும், தேவைப்பட்டால் சுற்றியுள்ள எலும்பையும் அகற்றுவார்.

பை போனபின் கண் வடிவது நிற்காது. இதை முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். வயதானவர்களுக்குக் கண்ணீர் சுரப்பதே குறைவு என்பதால் பலர் கைக்குட்டையோடு சமாளித்துக்கொள்கிறார்கள். தொல்லை தாங்காதவர்களுக்குக் கண் மூலையிலிருந்து மூக்குக்குச் சிறு கண்ணாடிக் குழாய் பொருத்தலாம், கட்டி திரும்பவில்லை என்று சில காலம் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகு.