பாட்டி வீட்டின் அடியில்

ஆறாம் வகுப்பில் பெருங்கற்காலம் நடத்திக்கொண்டிருந்தேன். "எங்க பாட்டி வீட்டுக்கு மாடி கட்ட விடமாட்டேங்கிறாங்க டீச்சர், அங்க பழைய கல்லறை இருக்காம்" என்றாள் ஒரு மாணவி. பாட்டி வீடு பல்லாவரத்தில். எங்கள் பள்ளி மயிலாப்பூரில்.

பல்லாவரம் என்றால் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கருவியோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அது பழைய கற்காலத்தது. அதே ஊரின் ஈமச்சின்னங்கள் இரும்புக்காலத்தவை. இரண்டுக்கும் இடையே பல்லாயிரம் ஆண்டுகள். பிள்ளைகள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். பல்லாவரத்து ஈமப்பேழை சுட்ட மண்ணால் ஆன நீண்ட தொட்டி. அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். பிள்ளைகள் முதலில் எண்ணியது கால்களைத்தான்! இத்தகைய பேழைகள் பலவற்றில் முழு உடலை வைக்கவில்லை. பிறகு சேகரித்த எலும்புகளையே வைத்தார்கள். மேலே கற்குவை, சுற்றிலும் கல்வட்டம். கற்கள் அகன்றுவிட்டால் நமக்கு அது வெறும் மனை.

பேழையைக் காட்சிக்கு வைக்கலாம். எந்தப் பானை எந்த எலும்பருகே இருந்தது என்பதைத் தோண்டப்படாத மண்தான் சொல்லும். அதனால்தான் 2010 சட்டத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும்.

"சரி டீச்சர், ஆனா மழைக்கு ஒழுகுதே?"

நியாயமான கேள்வி. பழுதுபார்க்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றேன். மறுநாள் இருவரும் உட்கார்ந்து பாட்டிக்காக விண்ணப்பம் எழுதினோம்.